ஏசி குளிராமல் போன கோடை

மொன்றியலை அடுத்த டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் எங்கள் வீட்டு வாசலில் அந்த ஆர்.வி., கட்டிலும் ஏசியும் உள்ள பயண வண்டி, இன்னும் நிற்கிறது. விற்கச் சொல்லி மகள் நச்சரிக்கிறாள். அவளுக்கு அது இடத்தை அடைக்கும் பழைய வண்டி. எனக்கு அதற்குள் என் மனைவி இருக்கிறாள். அவள் போனபின் வரும் கோடைகள் எதுவும் எனக்குக் கோடையாகவே தெரிவதில்லை.

அவளுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை நடந்த வருடத்தில் வாங்கிய வண்டி அது. அவள் திருகோணமலைக்காரி. நாங்கள் மொன்றியலில் இத்தனை வருடம் ஆற்றைத்தான் பார்த்திருக்கிறோம். "ஒருக்கால் கடல்லை கால் வைக்க வேணும்" என்று கேட்டாள். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கி ஓய்வு பெற்றிருந்த நான், உடனே போய் இந்த வண்டியை வாங்கிக்கொண்டு வந்தேன். காஸ்பே கடற்கரைக்குப் போவதாகத் திட்டம்.

அவளுடைய உடம்பு வெக்கையைத் தாங்காது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். மகள் ஒரே பிடியாக நின்றாள்.

"ஏசி ஒழுங்கா வேலை செய்யாட்டி அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது அப்பா. சொல்லிப்போட்டன்."

அதனால் வண்டிக்கு வாசலிலேயே பரீட்சை வைத்தோம். வீட்டிலிருந்து மின்சாரம் இழுத்து, மத்தியானம் சோறும் மீன்குழம்பும் வண்டிக்குள்ளேயே சாப்பிட்டு, அங்கேயே ஒரு குட்டித்தூக்கம். முதல் சில நாட்கள் ஊட்டியில் இருப்பது போல இருந்தது. பிறகு ஏசி இரைந்தது, குளிரவில்லை. அவள் கழுத்தில் வியர்வை வழிய, "பரவாயில்லை" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதலில் வண்டியை விற்றவனைத் திட்டினேன். பிறகு பிரேக்கரைப் பார்த்தேன், விழவில்லை. வயர் மெல்லியதோ என்று தடித்த வயர் வாங்கி மாற்றினேன். உச்சி வெயிலில் ஏணி வைத்து வண்டிக் கூரையில் ஏறி ஏசியின் மூடியைக் கழற்றினேன். விசிறி சுற்றியது, கம்பிரசரும் ஓடியது, தூசிகூட இல்லை. எல்லாம் வேலை செய்தது, குளிர் மட்டும் இல்லை. கீழே நின்று அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே போகச் சொல்லியும் கேட்கவில்லை.

கடைசியில் உள்ளே வந்து, கட்டிலுக்கு நேர் மேலே இருந்த தட்டைக் கழற்றினேன். உள்ளே குழாய்களைச் சுற்றி ஐஸ் தடிப்பாகப் படிந்திருந்தது. காற்று உள்ளே போகாவிட்டால்தான் இப்படி உறையும். ஃபில்டரை இழுத்தேன். அதன் பின்னால், நாலாக மடித்து, ஓரங்களை ஒழுங்காகச் செருகி, ஒரு பழைய நூல்சேலைத் துண்டு.

"இது ஆர் செய்த வேலை?"

அவள் தலை குனிந்தாள். "உங்கடை தலைமாட்டுக்கு நேரை அது இருக்கு. ஏற்கெனவே பீனிசம். காத்து தலையிலை அடிச்சா விடிய விடியத் தும்முவியள்."

காற்றை விடும் வாய்கள் இரு பக்கமும் இருக்க, இழுக்கும் வாயைப் பிடித்து அடைத்திருக்கிறாள்.

"உமக்கு விசரே? உமக்காகத்தானே இவ்வளவும்!" என்று கத்தினேன். கத்தியபிறகுதான் எனக்குக் கண் கலங்கியது. வெந்துகொண்டிருந்தவள் அவள். யோசித்தது என் மூக்கைப் பற்றி.

குளிரை நிறுத்திவிட்டு விசிறியை மட்டும் ஓடவிட்டேன். ஐஸ் உருகிக் கொட்டியது. அவள் சோற்றுப்பானையைக் கொண்டுவந்து கீழே வைத்தாள். பின்னேரம் வண்டி குளிர்ந்தது. மகளைக் கூப்பிட்டு உள்ளே இருத்திக் காட்டினேன். அவள் கையைத் தேய்த்துக்கொண்டு, "சரி, போங்கோ" என்றாள்.

போனோம். காஸ்பேயில் அவள் முழங்கால்வரை தண்ணீரில் நின்றாள். ஐஸ் தண்ணீர். பல் கிட்டிக்கொண்டே சிரித்தாள். மத்தியானம் வண்டிக்குள் வந்து படுத்ததும் நான் ஏசியைப் போட்டேன்.

"இஞ்சேருங்கோ, அதை நிப்பாட்டிப்போட்டு யன்னலைத் திறவுங்கோ. கடல் காத்து வரட்டும்."

நான் பட்ட பாட்டுக்கு இது! முணுமுணுத்துக்கொண்டே திறந்தேன். உப்புக்காற்று நேரே என் முகத்தில் அடித்தது. அவள் அப்படியே உறங்கிப்போனாள். சிகிச்சை தொடங்கியபின் அவள் அவ்வளவு அயர்ந்து தூங்கி நான் பார்த்ததில்லை. தும்மினால் எழும்பிவிடுவாள் என்று, பொழுது சாயும்வரை மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் கிடந்தேன்.