பிள்ளைக்காம்பராவுக்கு ஒரு கவ்வாத்து

தேயிலைக்கு வெயில் பட்டுவிடக் கூடாதென்று மலை முழுக்க நிழல் மரம் நட்டவர்கள், தோட்டத்துக் குழந்தைகள் தூங்கும் பிள்ளைக்காம்பராவுக்கு மட்டும் தகரத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள். ஓப்பநாயக்க என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் அந்தக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் சுதர்ஷினிக்கு இதில் தீராத கோபம். போன வருஷ மாசி வெயிலில் ஒரு பிள்ளைகூடக் கண் மூடவில்லை. கத்திக் கத்தியே சோர்ந்தார்கள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளைத் தாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளிலேயே விட்டுவிட்டுப் போகத் தொடங்கினார்கள். "அடுத்த மாசியிலும் இப்படியென்றால் காம்பராவை மூடத்தான் வேணும்" என்று தோட்டத்தை நடத்தும் தொரை சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு கைக்குழந்தைகளை யார் பார்ப்பது?

கூரைமேல் கோவைக்கொடியை ஏற்றிவிட்டாள். சூட்டுத் தகரத்தில் படுத்த கொடி இரண்டே நாளில் சுருண்டு போனது. கோபத்தோடு மலையை நிமிர்ந்து பார்த்தவளுக்குச் சட்டென்று விளங்கியது.

"மரம் தேயிலைக்கு மேலயா படுத்துக் கெடக்கு? எட்ட நின்னுதானே நெழல் குடுக்குது! நடுவால காத்து ஓடுதே!"

கூரைக்கு மேலே ஒரு முழம் விட்டு மூங்கில் பந்தல் போட்டாள். கட்டிக் கொடுத்தவர் பக்கத்து லயத்து முத்துவீரன். தேயிலைச் செடிகளை அளவாக வெட்டிவிடும் கவ்வாத்து வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"நானும் இதே காம்பராவுல வளந்தவந்தான் தங்கச்சி. ஒரு மத்தியானம் தூங்குனதில்ல. இங்கயாவது, தூக்கமாவது!" என்று சிரித்துக்கொண்டேதான் கட்டினார்.

கொடி பந்தலை மூடியது. இந்த மாசியில் பிள்ளைகள் தூங்கினார்கள். திங்கட்கிழமை மத்தியானம் வந்து பார்ப்பதாகத் தொரை சொல்லி அனுப்பினார்.

திங்கள் காலையில் வந்து பார்த்தால் பந்தல் மொட்டை. கொடி முழுவதும் முழங்கால் உயரத்துக்குச் சீராக வெட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் முத்துவீரன் மாப்பிள்ளை போல நின்றார்.

"நேத்து லீவு நாளு, சும்மா இருக்க மனசு வரல. கொடி காடா கெடந்துச்சு. கவ்வாத்து பண்ணிட்டேன். இனிப் பாரு, எப்படிக் கொழுந்து விடுதுன்னு!"

"ஐயோ அண்ணே! கொழுந்து அடுத்த மாசம் வரும், வெயிலு இன்னைக்கே வருமே! தொரையும் வாராரு!" சுதர்ஷினிக்கு அழுகையே வந்துவிட்டது. "மலையில வெட்டுன செடியையும் இப்படித்தான் மொட்டையா விட்டுட்டு வருவீங்களா?"

"அது எப்படி விடுறது? வெயில்ல கருகிப் போயிடும். வெட்டுன மிலாற அது தலையிலயே போட்டுப் பொத்திட்டுத்தானே..."

முடிக்கவில்லை, மலைப்பக்கம் ஓட்டம் பிடித்தார். அங்கே வெட்டிக் கிடந்த மிலாறுகளை, இலை உதிராத தேயிலைக் கிளைகளை, கட்டுக்கட்டாகச் சுமந்து வந்து பந்தலில் பரப்பினார். நாலைந்து நடை நடந்திருப்பார். ஆள் நாராகக் கிழிந்து போனார்.

மத்தியானம் தொரை வந்தார். "ஒக்கொம நிதித?" எல்லாரும் தூக்கமா என்று வாசலிலேயே சிங்களத்தில் உரக்கக் கேட்டார்.

"ஷ்ஷ்!"

அதட்டிய பிறகுதான் யாரை அதட்டினோம் என்று அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். தொரையோ சப்பாத்தைக் கழற்றிவிட்டு நுனிக்காலில் உள்ளே போனார். பாய் நிறையப் பிள்ளைகள், அசைவில்லாத தூக்கம். மேலே தகரத்தைத் தொட்டுப் பார்க்கிறவர் மாதிரி கையை உயர்த்தினார். அனல் இறங்கவில்லை.

"சரி. காம்பரா இருக்கட்டும்" என்றார் மெல்ல.

திரும்பும்போது கடைசிப் பாயில் வெடித்த பாதங்கள் இரண்டு நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். வாய் திறந்தபடி முத்துவீரன். நரைத்த தலையில் இன்னும் தேயிலைச் சருகு.

"இது யார் பிள்ளை?"

சுதர்ஷினிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"நம்ம காம்பராப் புள்ளைதாங்க" என்றாள். "இன்னைக்குத்தான் மொதமொதலா தூங்குது."