கொல்லையில் கட்டிய நாய்

மகளைப் பெண் பார்க்க அரியாங்குப்பத்திலிருந்து வந்திருந்தார்கள். எங்கள் கிழட்டுப் பெட்டை நாய்க்குச் சில நாட்களாகப் பின்புறம் சீழ் வடிந்து நாற்றம் அடித்தது. வயதானால் அப்படித்தான் என்று நினைத்து, யார் கண்ணிலும் படாமல் கொல்லையில் கட்டிவிட்டேன்.

கை கழுவப் போன மாப்பிள்ளையின் அம்மா நெடுநேரம் திரும்பவில்லை. போய்ப் பார்த்தால், பட்டுப்புடவையோடு நாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"வயிறு உப்பிக் கெடக்குதுங்க. வாளித் தண்ணிய மொத்தமா குடிச்சிட்டு வாந்தி எடுக்குது. எத்தினி நாளா இப்படி?"

நான் காலி வாளியை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"எங்க நாய் இப்படித்தான் செத்துச்சு," என்றவர், "டேய், கார எடு," என்று மகனைக் கூப்பிட்டார்.

அவர்கள் காரின் பின்சீட்டில், என் மடியில் நாய் கிடந்தது. கர்ப்பப்பை முழுக்கச் சீழ், இன்றே எடுத்தாக வேண்டும் என்றார் மருத்துவர். ஆபரேஷன் முடியும்வரை அந்தம்மா என் பக்கத்திலேயே இருந்தார். அவர் புடவையில் கறை படிந்திருந்தது. நான் தலை நிமிரவே இல்லை.

நாய் பிழைத்தது. கல்யாணமும் நடந்தது. சம்பந்தியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் நாயைத்தான் தேடிப் போவார். நான் காப்பி போடும் சாக்கில் அடுப்படிக்குள் நுழைந்துகொள்வேன்.