ஆயுத பூஜை மெயிலும் ஒயிட் லிஸ்டும்

நான் அனுப்பிவிட்டேன் என்றேன். அவர்களோ, வந்து சேரவில்லை என்றார்கள். முதலாளி அவர்களை நம்பினார்.

ஓசூரில் வண்டிகளுக்கான இரும்பு பிராக்கெட் அடிக்கும் சின்ன கம்பெனி அது. தரப்பிரிவின் காகித வேலை முழுவதும் என்னுடையது. கர்நாடக எல்லையில், அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பெரிய கம்பெனிதான் எங்களுக்குச் சோறு போட்டது. கடைசியாகப் போன லோடில் சில பிராக்கெட்டுகளில் விரிசல். ஏன் வந்தது, என்ன சரிசெய்தோம் என்று படங்களோடு ரிப்போர்ட் அனுப்பினால்தான் அடுத்த லோடை உள்ளே விடுவார்கள். ரிப்போர்ட்டை திங்கட்கிழமையே மெயிலில் அனுப்பினேன். பதில் இல்லை என்று மறுபடியும் அனுப்பினேன். வியாழக்கிழமை காலை அவர்களுடைய பர்ச்சேஸ் அதிகாரி முதலாளிக்குப் போன் செய்து, சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட் வராவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்.

"அனுப்புனேன் அனுப்புனேன்றியே, எங்கேம்மா போச்சு அது? அத்திப்பள்ளி செக்போஸ்ட்ல புடிச்சு வெச்சிருக்காங்களா?" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் கத்தினார்.

அனுப்பிய மெயில்களைத் திறந்து காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை.

"அது உன் கம்ப்யூட்டர் சொல்றது. அவங்க கம்ப்யூட்டர் வரலன்னு சொல்லுதே. பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா? சாயங்காலத்துக்குள்ள அங்க போய்ச் சேரல, நாளையிலருந்து நீ வர வேணாம்."

வேலை போனால் ஊத்தங்கரை பஸ் ஏறி சொந்த ஊரான கல்லாவிக்குத் திரும்ப வேண்டியதுதான். அப்பா மாப்பிள்ளை தேடுவதை நிறுத்தி வைத்திருந்ததே இந்த வேலையைக் காட்டித்தான். ஆனால் அந்த நேரத்தில் அதைவிடப் பெரிதாக உறுத்தியது பொய் என்ற அந்தச் சொல்தான்.

பர்ச்சேஸ் அதிகாரிக்குப் போன் செய்தேன். வேறு மெயில் முகவரியிலிருந்து அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, கம்பெனி முகவரியிலிருந்து வந்தால்தான் ஏற்போம் என்றார். அப்படியானால் உங்கள் கம்ப்யூட்டர் பிரிவோடு பேச வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். சலித்துக்கொண்டே லைனை மாற்றிக் கொடுத்தார். அங்கே எடுத்தவர் கன்னடம் கலந்த பெங்களூர்த் தமிழ் பேசினார்.

"ஸ்வல்ப இருங்க மேடம், பாக்குறேன்... ஹாங், இருக்குது. எல்லாமே ஸ்பாம்ல உக்காந்திருக்குது."

"எங்க மெயில குப்பைன்னு யாருங்க சொன்னது?"

"எங்க ஆளுங்கதான். ஆயுத பூஜை அன்னிக்கு ஒரு வாழ்த்து அனுப்பினீங்கல்ல? ஒரே நாள்ல இங்க எல்லாருக்கும் வந்துச்சு. கேன்டீனுக்கு வந்துச்சு, வேலைய விட்டுப் போனவங்களுக்கும் வந்துச்சு. நம்ம ஜனங்க ஸ்பாம், ஸ்பாம்னு அமுக்கிட்டாங்க. அதுல இருந்து நீங்க என்ன அனுப்பினாலும் குப்பைய வடிகட்டுற பில்டர் ஓரங்கட்டிடுது."

அந்த வாழ்த்தை அனுப்பியதே நான்தான். ஆயுத பூஜை முடிந்ததும் எங்கள் தெருவில் உள்ள எல்லா ஷெட்டுக்கும் பொரிகடலைப் பொட்டலம் போகும். போட்டிக் கம்பெனிக்கும் போகும். ஒருத்தரை விட்டாலும் குறை என்பது முதலாளியின் கொள்கை. அந்த வருடம் மெயிலிலும் அதையே செய்யச் சொன்னார். மாலை போட்ட பிரஸ் மெஷினின் பெரிய படம், கீழே வாழ்த்து. கையில் கிடைத்த அத்தனை முகவரிகளையும் கொடுத்து, ஒருத்தரையும் விடாதே என்று என் பின்னாலேயே நின்றார். பொரியை யாரும் திருப்பி எறிவதில்லை. மெயிலை எறிந்துவிட்டார்கள்.

"இப்ப என்ன சார் பண்றது?"

"ஒயிட் லிஸ்ட்ல போடணும். கேட் செக்யூரிட்டிகிட்ட ஒரு லிஸ்ட் இருக்குமில்ல, அதுல பேர் இருந்தா நிறுத்தாம உள்ள விடுவாங்க. அது மாதிரி. ஆனா உங்க முகவரி மட்டும் போட்டா ஆகாது. அனுப்புனவர்ங்கற எடத்துல யார் வேணா உங்க முகவரிய எழுதிக்கலாம். உங்க மெயில் எந்த சர்வர்ல இருந்து கிளம்புதோ, அதோட நம்பரையும் சேத்துப் போடணும். வைரஸ் செக் அப்பவும் நடக்கும், அதுல யாருக்கும் சலுகை இல்ல. இன்னொன்னு, நீங்க கேட்டா நான் போட முடியாது. எங்க பர்ச்சேஸ் சார் எழுதிக் கேக்கணும்."

சர்வர் நம்பருக்காக எங்களுக்கு மெயில் வசதி செய்து கொடுத்தவர்களை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டுத் திரும்பத் திரும்ப அழைத்தேன். ஒரு வழியாக யாரோ எடுத்து நம்பரைச் சொன்னார்கள். பெங்களூர்க்காரர் பிடித்து வைத்திருந்த மெயிலில் இருந்த நம்பரோடு ஒப்பிட்டு, சரியாக இருக்கிறது என்றார். இனி பர்ச்சேஸ் அதிகாரி எழுத வேண்டியதுதான் பாக்கி. அவரோ மீட்டிங்கில் இருந்தார்.

வாசலில் லோடு ஏற்றிய டெம்போ தார்ப்பாய் கட்டி நின்றது. "போலாமாக்கா?" என்று டிரைவர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. முதலாளி என் மேஜையைக் கடந்து போனார், வந்தார்.

கடைசியில் அதிகாரியே முதலாளியை அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. "இத போட்டா உங்க மெயில் பில்டர் இல்லாம நேரா உள்ள வரும். இனிமே கண்டது வந்தா என்னைத்தான் கேப்பாங்க. அங்க மெயில் அனுப்புற பொண்ண நம்பலாமா? நீங்க பொறுப்பா?"

"நான் பொறுப்புங்க. எங்க பொண்ணு அனுப்புனேன்னு சொன்னா அனுப்புனதுதான். பொய்யே பேசாது."

முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சொன்னார். காலையில் கேட்டதைவிட அதுதான் எனக்கு அதிகக் கோபத்தைக் கொடுத்தது.

கொஞ்ச நேரத்தில் அதிகாரி மறுபடியும் அழைத்தார். "ஸ்பாம்ல இருந்தத எடுத்து விட்டாங்க, வந்துடுச்சு. திங்கக்கிழமை தேதி போட்டே வந்திருக்குதே! லோட அனுப்புங்க."

டெம்போ கிளம்பியது. முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி என் மேஜைக்கு வந்து சிரித்தார். "ஏம்மா, அனுப்பிட்டேன்னு காலையிலேயே தெளிவா சொல்லியிருக்கலாம்ல?"

நான் எழுந்து நின்றேன். "சொன்னேங்க சார். நீங்கதான் பொய்னு சொன்னீங்க."

ஷிப்ட் மாறும் நேரம். பிரஸ் மெஷின்கள் நின்றிருந்தன. நான் பேசியது ஷெட்டின் கடைசி மூலை வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னேன்.