தோழியைக் கூட்டத்துக்கு அழைத்தது நான்தான்

தஞ்சாவூரில் வெப் டிசைன் செய்பவர்கள் மாதாமாதம் கூடுவோம். இன்று பேச்சுத்துணைக்கு இருக்கட்டும் என்று, குத்தாலத்திலிருந்து தோழி பாத்திமாவை வரச் சொன்னேன். அவளுக்கு இதுதான் முதல் கூட்டம்.

பேச வேண்டியவர் கடைசி நேரத்தில் வரவில்லை.

"யாராவது உங்க வேலையக் காட்டுறீங்களா?" என்றார் அமைப்பாளர்.

நான் லேப்டாப்பை எடுக்கலாமா என்று யோசிப்பதற்குள் பாத்திமா எழுந்து போய்விட்டாள்.

அத்தாவின் விதைநெல் கடைக்கு அவளே செய்த வெப்சைட். வயலில் வெயிலில் நின்று போனைப் பார்த்தாலும் படிக்கிற மாதிரி பெரிய தமிழ் எழுத்து. நான் செய்த எதைவிடவும் நன்றாக இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். வயிறு எரிய எரிய நானும் தட்டினேன்.

டீ குடிக்கும்போது அமைப்பாளர் அவளை அடுத்த மாதம் பேசக் கூப்பிட்டார். பிறகு என்னிடம், "நீங்க இவங்ககூட வந்தவங்களா?" என்றார்.

இரண்டு வருடமாக ஒரு கூட்டம் விடாமல் போகிறவள் நான்.

பஸ் ஏற்றிவிடும்போது பாத்திமா, "தனியாப் பேச ஒரு மாதிரி இருக்குடி, நீயும் வந்துடு" என்றாள்.

"வேலை இருக்கு, பாக்கலாம்" என்றேன். ஒரு வேலையும் இல்லை.

வீட்டுக்கு வருவதற்குள் ஸ்லைடு அனுப்பிவிட்டாள், "எந்தக் கலர்டி நல்லாருக்கும்?" என்று.

நன்றாகவே இல்லாத கலரைச் சொன்னால் பாவமா? தெரிந்தவர்கள் கமெண்ட்டில் சொல்லுங்கள்.