பிறவியா, பின்னால் வந்ததா?

குழந்தை மருத்துவம் என்பது, பேசத் தெரியாதவர் நோயாளியாகவும் பேசி ஓயாதவர் உறவினராகவும் வந்து அமரும் தொழில். காய்ச்சல் பிள்ளையோடு காத்திருந்து சலித்த உங்களுக்கு இது தெரியும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஆரணியில் என் மருத்துவமனைக்கு இருபுறமும் தறிகள். ஸ்டெதஸ்கோப்பைக் காதில் வைத்தால், எது தறி, எது இதயம் என்று ஒரு கணம் மயங்கும்.

பால் குடித்து வியர்த்த பிள்ளை

மூன்று மாதக் குழந்தை. பால் குடிக்கத் தொடங்கியதும் வியர்த்து, வெளுத்து, வீறிடுவான். வயிற்றுவலி என்று வசம்பு உரைத்துக் கொடுத்திருந்தார்கள். காய்ச்சலே வந்ததில்லை. ஈ.சி.ஜி. தாளின் கோடுகளோ மாரடைப்பு வந்த முதியவருடையவை போல் இருந்தன. இதயத்துக்கு இரத்தம் ஊட்டும் குழாய் கருவிலேயே இடம் மாறி முளைத்திருக்கிறது, பிறவிக் கோளாறு என்று விளக்கிச் சென்னைக்கு அனுப்பினேன். அறுவை செய்து பிழைத்தான். அனுப்பிய அன்று அவன் தகப்பன் அந்தத் தாளை வெயிலில் தூக்கிப் பார்த்துச் சொன்னார்: "நெஞ்சுவலியா? இவன் இன்னும் ஒரு பீடி கூட குடிக்கலியேம்மா!"

சோப்புக்குப் போகாத சிவப்பு

சில ஆண்டுகள் கழித்து, சாயப்பட்டறை வீட்டுக் கௌரி தன் மூன்று வயது மகள் செல்வியைத் தூக்கி வந்தாள். ஓடினால் குழந்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். ஏற்கெனவே சென்னையில் எடுத்திருந்த படத்தில் இதயக் குழாய் வீங்கியிருந்தது. கௌரியின் கணவரோடு வந்திருந்த மூத்த நாத்தனார் காரணத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தார்: கருவுற்றிருந்தபோது கௌரி கிரகணத்தில் வெளியே நின்றாள், ஆகவே பிறவிக் கோளாறு, இனி அவள் கலசப்பாக்கத்துத் தாய்வீட்டில் இருக்கட்டும், பிள்ளை எங்களிடம் வளரட்டும். கௌரியின் துணிமூட்டை அவர் மடியிலேயே இருந்தது.

பிறவியேயானாலும் கிரகணத்துக்கு அதில் பங்கில்லை என்றேன், ஒருவரும் செவிசாய்க்கவில்லை. இடையில் காய்ச்சல் வந்ததா என்று கௌரியைக் கேட்டேன். "வந்துச்சிங்க. நாள்கணக்கா எறங்கவே இல்ல. கண்ணு, உதடு, உள்ளங்கை எல்லாம் செவப்பு. சாயத்துல கைய வுட்டு வாயில வச்சிகிச்சின்னு அண்ணி திட்டுனாங்க. சோப்பு போட்டுத் தேய்ச்சிகினே இருந்தேன், போவவே இல்லீங்க."

தொட்டியின் சாட்சி

பின்னர் விரல்நுனித் தோல் உரிந்தபோது, பட்டறையில் பட்டு வெளுக்கும் சோடாவின் மேல் பழி போட்டிருக்கிறார்கள். சாயப்பட்டறை வீட்டில் கையின் நிறத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. வெளியே உலர்ந்த பட்டுநூல்களின் ஊடாக வந்த வெயில், என் அறைச் சுவரில் நிறம் நிறமாக அசைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே, காய்ச்சல் கண்ட வாரம் தொட்டியில் என்ன நிறம் தோய்த்தீர்கள் என்று கணவரைக் கேட்டேன். "பூரா கிளிப்பச்சைதாங்க, கல்யாண ஆர்டரு" என்றவர், சட்டென்று மகளின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

நீண்ட காய்ச்சலும் அந்தச் சிவப்பும் உரிந்த தோலும் ஒரே நோயின் அடையாளங்கள். குழாயை வீங்க வைத்ததும் அதுவே, பிறவிக் கோளாறு இல்லை என்று விளக்கி, மருந்து எழுதினேன். பிறகு நாத்தனார் மூட்டையைக் கௌரியிடம் நீட்டினார்: "இந்தா, ஊட்டுக்கு எடுத்துகினு போய்ப் பிரிச்சி வை. கலசப்பாக்கம் பஸ்ஸு எப்பவோ பூட்ச்சி."

இதயக் குழாயின் கோளாறு பிறவியிலும் வரும், பின்னாலும் வரும். தாயின் மேல் விழும் பழி மட்டும் எப்போதும் பிறவியிலேயே வந்துவிடுகிறது.