மங்களத்தில் தொடங்கும் பாட்டு

தன் குரல் ஓர் ஆங்கிலேய இசைத்தட்டில் இருக்கிறது என்பது, அந்தத் தட்டு ஆக்லாந்து வரை வந்து சேர்ந்த பிறகும் ரதிதேவிக்குத் தெரியாது.

1981இல் அவள் லண்டனில் கணக்கியல் படித்தாள். வாடகை அறைக்குக் கீழே மார்ட்டின் என்றொருவன் சின்தசைசர் என்னும் மின்னிசை இயந்திரங்களோடு குடியிருந்தான். தனக்கு ‘சில்வர் டிப்போ’ என்று பெயர் வைத்திருந்தான். இசைக்குழு அல்ல, ஒரே ஆள், மற்றதெல்லாம் இயந்திரம். இரண்டு தட்டுகள் போட்டிருந்தான். யாரும் வாங்கவில்லை. மேல்மாடியில் அவள் பாடுவது காதில் விழுந்து, ஒருநாள் கதவைத் தட்டினான். இயந்திரத்துக்குள் போட ஒரு பெண்குரல் வேண்டும், தனித்தனி ஸ்வரங்கள் போதும் என்றான்.

பாடிக்கொடுத்தாள். போதும் என்று அவன் தலையசைத்ததும் கைகூப்பி மங்களம் பாடினாள். பாட உட்கார்ந்தவள் மங்களம் பாடாமல் எழக்கூடாது. பாடிவிட்டால் அன்று வேறு பாட்டுக் கிடையாது. அவளைப் பொறுத்தவரை அது எழுந்து போவதற்கான உத்தரவு மட்டுமே. ஒலிநாடா அப்போதும் சுற்றிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

படிப்பு முடிந்து, சோதிலிங்கத்தைக் கட்டிக்கொண்டு, அவனுக்கு வேலை கிடைத்த ஆக்லாந்துக்கு வந்தாள். அங்கே சான்ட்ரிங்ஹாம் பகுதியில் வீடு. வெள்ளிக்கிழமைகளில் தமிழர்கள் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்துச் சாமி கும்பிட்டார்கள். 1984இல் ஒரு வெள்ளி, ரதிதேவியை மங்களம் பாடச் சொன்னார்கள்.

முதல் வரியிலேயே பின்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு தொடையில் தாளம் தட்டினார்கள். இயந்திரத் தாளம்.

சோதிலிங்கத்தின் சிநேகிதர் தவராசாவின் மகள் உஷா ஓடிவந்தாள். “அன்ரி, யூ நோ சில்வர் டிப்போ? ரீவீல ஒரு வெள்ளைக்காரி பாடுறது. சேம் சோங்!”

எல்லாரிலும் மூத்த அன்னபாக்கியம் திரும்பிப் பார்த்தார். “என்ன பிள்ளை, ரேடியோப் பாட்டையோ சாமிக்கு முன்னால படிக்கிறாய்?”

“இல்லை மாமி. இது அம்மா பழக்கினது.”

“அப்ப அந்த வெள்ளைக்காரிக்கும் உன்ர அம்மாவோ பழக்கினவ?”

மண்டபம் சிரித்தது. ரதிதேவிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்த நாள் தவராசா வீட்டில் உஷா தட்டைச் சுழலவிட்டாள். முதலில் ஒரு காப்பு கிலுங்கியது. பிறகு ரதிதேவியின் குரல். ‘ஜெய ம’ என்ற இடத்தில் கத்தி வைத்ததுபோல் அறுந்தது. தாளம் விழுந்தது. மறுபடி ‘ஜெய ம’. மறுபடி அறுந்தது. அதற்குப் பிறகுதான் மார்ட்டின் பாடத் தொடங்கினான்.

மங்களத்தில் தொடங்கியிருந்தான்.

அவள் தன் கையைப் பார்த்தாள். அதே காப்பு.

“உன்ர குரல்தானே?” என்றான் சோதிலிங்கம்.

“ஓம்.”

“ஆரும் நம்புவினமோ?”

தட்டின் உறையில் பொன்னிறத் தலைமுடியோடு ஒருத்தி. தொலைக்காட்சியிலும் அவளே வந்தாள். ‘ஜெய ம’ என்று உதடு பிரித்து, அறுபடும் இடத்தில் சரியாக வாயை மூடினாள். அந்த வாய்க்குள்ளிருந்து தன் மூச்சு வருவதை ரதிதேவி நின்றபடி பார்த்தாள். வீட்டில் அன்று யாரும் சாப்பிடவில்லை.

மண்டபத்தில் அவள் பிறகு பாடவில்லை. அன்னபாக்கியம் பாடினார்.

சில்வர் டிப்போ மேலும் இரண்டு தட்டுகள் போட்டது. ஒன்று ஓடியது, மற்றது ஓடவில்லை. பொன்னிறக்காரி விலகிப் போனாள். 1987இல் மார்ட்டின் அந்தப் பெயரை விட்டுவிட்டதாகப் பத்திரிகையில் நான்கு வரி வந்தது. அடுத்த வருடம் கடையொன்றின் வாசலில், கழித்துப்போட்ட தட்டுகளின் பெட்டியில் தன் குரல் கிடப்பதைக் கண்டாள். மழை பெய்துகொண்டிருந்தது. வாங்கவில்லை.

அந்த வெள்ளி அன்னபாக்கியத்துக்குத் தொண்டை கட்டியிருந்தது.

“நீ படி பிள்ளை. அந்தப் பாட்டை இப்ப ஆர் கேக்கினம்?”

உண்மைதான். பின்வரிசையில் இப்போது வேறு பிள்ளைகள். யாரும் சிரிக்கவில்லை, தட்டவில்லை. ரதிதேவி கைகூப்பித் தொடங்கினாள். குரல் நன்றாகவே இருந்தது.

‘ஜெய ம’ என்ற இடத்தில் நின்றது.

மூச்சு இருந்தது. அடுத்த எழுத்தும் தெரியும். மறுபடி தொடங்கினாள். அதே இடத்தில் நின்றது. மண்டபம் அவளையே பார்த்தது. அந்த அமைதிக்குள் தாளம் விழுவதற்காகத் தான் காத்திருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

மீதியை அன்னபாக்கியம் கட்டிய தொண்டையால் பாடி முடித்தார். மங்களம் முடியாமல் யாரும் எழுந்து போகக்கூடாதே.