பெட்டிக்குள் குடியிருந்தவள்

தெருவில் எல்லோரும் அவளைப் போர்வைக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். கட்டிலில் நேற்று யார் படுத்திருந்தார் என்பது இன்று படுப்பவருக்குத் தெரியவே கூடாது. அங்கே அவள் கற்ற வித்தை அது. புருஷன் போன பிறகு, வீட்டின் இரண்டு அறைகளை நாள் வாடகைக்கு விட்டபோதும் அதை விடவில்லை. ஆள் வருவதற்குள் தன் பல் துலக்கும் பிரஷ், செருப்பு, மாத்திரை டப்பா, புருஷன் படம் எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் திணித்து மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிடுவாள். சமையலறையில் மடக்குக் கட்டிலைப் போட்டுப் படுத்து, விடிந்ததும் அதையும் மடக்கி மறைத்துவிடுவாள். வீடு ஓட்டல் மாதிரி இருக்கிறது என்று தங்கிப்போனவர் யாராவது இணையத்தில் எழுதிவிட்டால் அவளுக்குத் தலைகால் புரியாது.

அவளுக்குத்தான் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. குடியிருப்புப் பகுதியில் நாள் வாடகைக்கு விட இனி உரிமம் வேண்டும். வீட்டுக்காரர் அதே வீட்டில் வசித்தால்தான் கிடைக்கும். அதிகாரி நேரில் வருவார். எதிர்வீட்டு ரயில் டிரைவர் வேறு புகார் கொடுத்திருப்பதாகக் அவள் காதில் விழுந்தது. உரிமம் இல்லையென்றால் வீட்டை விற்க வேண்டியதுதான். பிறகு மகன் வீட்டுச் சோபாவில் மிச்சக் காலம். மருமகள் நல்லவள்தான், சோபாதான் சின்னது.

பயத்தில் மனுஷி என்ன செய்தாள் தெரியுமா? அதிகாரி வருகிறார் என்று வீட்டை இன்னும் இரண்டு மடங்கு துடைத்து வைத்தாள்!

அதிகாரி சின்ன வயசுக்காரர். குளியலறையைப் பார்த்தார். அலமாரியைத் திறந்தார். காலி.

"நீங்க எங்கம்மா படுக்கிறீங்க?"

"இங்கதான் சார்."

"உங்க துணிமணி?"

பெட்டியை இழுத்துக் காட்டினாள்.

"இது யாரோ தங்க வந்தவங்க பெட்டி மாதிரி இருக்கே."

நாற்பது வருஷம் வாழ்ந்த வீட்டில், தன்னுடையது என்று காட்ட ஒரு சீப்புகூட வெளியே இல்லை.

அதிகாரி கோப்பைப் புரட்டினார். "உங்க மேல ஒரு புகார் இருக்கு. தினமும் காலைல அஞ்சு மணிக்கு வாஷிங் மெஷின் கடகடன்னு ஓடுதாம். ஆறு மணிக்கு ரேடியோவாம். யாரு, வந்து தங்குறவங்களா?"

ஆமாம் என்று சொன்னால் தப்பித்துவிடலாம் என்று நினைத்தாள். தலை பாதி ஆடியும்விட்டது. ஆனால் பழியை ஊர் பேர் தெரியாதவர்கள் தலையில் போட மனசு வரவில்லை.

"நான்தான் சார். அஞ்சு மணிக்கு முழிப்பு வந்துடும். ரேடியோவும் நான்தான்." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"தினமுமா?"

"ஒரு நாள் விடாம."

"பதினோரு வருஷமா தூங்க விடலன்னு எழுதியிருக்காரு." அதிகாரி பேனாவைத் திறந்தார். "அப்ப நீங்க இங்கதான் இருக்கீங்க. எதிர்வீட்டுக்காரரே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு. மெஷினை மட்டும் இனிமே ஏழு மணிக்கு மேல போடுங்கம்மா."

அதிகாரி போய்விட்டார். எதிர்வீட்டு மனுஷன் இத்தனை வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருந்தால்? பெட்டி மேலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அதைத் திறந்து, பிரஷ்ஷை எடுத்துப் போய்க் குளியலறைத் தம்ளரில் போட்டாள்.